கண்ணுக்குத் தெரியாத சுருக்கம்



எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சி. ஊர்ப் பேரைச் சொன்னதுமே, "ஓ, கொசுறு ஊரா?" என்று ஹாஸ்டலில் கேலி செய்வார்கள். செய்யட்டும்! காய் வாங்கும்போது கடைக்காரர் ஒரு கொத்து கருவேப்பிலையைச் சும்மா போட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை? அந்தச் சந்தோஷத்தில் தராசைப் பார்க்க மறந்துவிடுகிறோம். கடையில் கண் ஒரு கணக்குப் போடுகிறது. காசு வேறொரு கணக்குப் போடுகிறது.

விருத்தாசலத்தில் பீங்கான் படிக்கிற நமக்கு 'பிஸ்கட்' என்றால் தின்கிற பண்டம் மட்டுமல்ல. முதல் சூளையில் வெந்த, கிளேஸ் போடாத பாண்டமும்தான். பச்சை மண்ணில் 10 செ.மீ. கோடு கிழித்து, சுட்டபின் அளந்து, சுருக்கம் எத்தனை சதவீதம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் கன அளவில் 27 சதவீதம் போய்விடும். 0.9-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.729 வரும். ஆனால் சுடாத பாண்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய, இவ்வளவு போயிருக்கிறது என்று கண் சொல்லாது.

கடை பிஸ்கட்டின் கதையும் இதுதான். மாவும் சர்க்கரையும் விலை ஏறினாலும் ஐந்து ரூபாய் பாக்கெட் ஐந்து ரூபாயாகவே இருக்கும். உள்ளே எடை சுருங்கும். விலை ஒரு ரூபாய் ஏறினால் சண்டைக்குப் போகிற நாம், சில கிராம் குறைந்தால் வாயே திறப்பதில்லை. ஏன்? ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற அறிஞர் எடைகளைக் கையில் தூக்கச் சொல்லிச் சோதித்து 1834-இல் எழுதினார்: எவ்வளவு மாறியது என்பதை மனிதன் உணர்வதில்லை, முன்பிருந்ததில் எத்தனை பங்கு மாறியது என்பதைத்தான் உணர்கிறான். பங்கு சின்னதாக இருந்தால் கைக்குத் தெரியாது. விலையோ எண்ணாக அச்சாகியிருக்கிறது, உடனே தெரிந்துவிடும்.

சரி, சின்னப் பாக்கெட் என்றாலே நஷ்டமா? இங்கேதான் வேடிக்கை. ஷாம்பு பாக்கெட் பெருகியதில் நம் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. சின்னிகிருஷ்ணன் அதற்கு வழி போட்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார்; பிறகு சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். கொசுறின் பலம் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

என் அம்மா களை எடுக்கப் போகிறவர். கூலி வாங்கிய சாயங்காலம் ஒரு ரூபாய் பாக்கெட்டாகத்தான் வாங்குவார். டவுன் உறவுக்காரர் ஒருவர், "பெரிய பாட்டிலா வாங்கினா லாபம். உங்களுக்கெல்லாம் கணக்கே தெரியாது" என்றார். அம்மா சொன்னது: "பாட்டில் வாங்குற காசு கையில இருந்தா அரிசி வாங்குவேன்யா. அதுவுமில்லாம பாட்டிலு இருந்தா புள்ளைங்க ரெண்டு நாள்ல கவுத்துடும்."

நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் பாக்கெட்டில் 5 மி.லி. இருந்தால் மில்லிக்கு 20 காசு. 100 மி.லி. பாட்டில் 80 ரூபாய் என்றால் மில்லிக்கு 80 காசு. இது உதாரணம்தான், ஆனால் பல ஷாம்புகளில் பாக்கெட்தான் மலிவு. ஒரு ரூபாய்க்காரரைப் பிடிக்கக் கம்பெனிகளுக்குள் அவ்வளவு போட்டி! எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் கணக்கு, படித்தவர் கணக்கை ஜெயித்துவிட்டது. எண்ணெயிலோ பருப்பிலோ இது தலைகீழாகவும் இருக்கலாம். ஆகவே கண்ணை நம்பாதீர்கள், வகுத்துப் பாருங்கள்.

2021-இல் அறிவித்த விதித் திருத்தத்தின்படி, பெரும்பாலான பொட்டலங்களில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். பொடி எழுத்தில், ஒரு மூலையில் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இப்போது கடைக்குப் போனால் அம்மா பாக்கெட்டை என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்குன்னு பாருடா" என்கிறார். படிப்புக்கு வேலை கிடைக்கும்போது கிடைக்கட்டும். இந்த வேலை இன்றைக்கே காத்திருக்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு பாக்கெட்டை நீட்டுவார்கள். லேபில் மண்ணை அளக்கிற அதே கவனத்தோடு அதையும் அளந்து சொல்லுங்கள்!