பன்னிரண்டரை கிலோஹெர்ட்ஸ் நாட்குறிப்பு

1971 ஜூன், ஹோனலுலு

ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனின் குழு, கம்பியே இல்லாமல் கணினியோடு பேசும் வலையை இயக்கத் தொடங்கியது. பெயர் அலோஹாநெட். 407.350 மெகாஹெர்ட்ஸில் ஒரு சேனல், 413.475 மெகாஹெர்ட்ஸில் இன்னொன்று. ஒவ்வொன்றும் 100 கிலோஹெர்ட்ஸ் அகலம். வேகம் நொடிக்கு 9600 பிட்.

ஈதர்நெட்டின் மூதாதை என்று இதைப் போற்றுவார்கள். சரிதான். ஆனால் இந்த நாட்குறிப்புக்கு வேண்டியது அந்த அகலம் மட்டும். இன்று அதே 100 கிலோஹெர்ட்ஸில் பன்னிரண்டரை கிலோஹெர்ட்ஸ் சேனல்கள் எட்டை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் தரவு அனுப்ப முடியும். அன்று ரேடியோவும் மோடமும் ஒரு பெட்டியை அடைத்துக்கொண்டன. இன்று இரண்டும் சேர்ந்து 4 மில்லிமீட்டர் சதுரச் சில்லு.

1982 பிப்ரவரி, ஹார்லோ, இங்கிலாந்து

ஸ்டாண்டர்டு டெலிகம்யூனிகேஷன் லேபரட்டரீஸில் பணியாற்றிய இயன் வான்ஸ், பேஜர் ரிசீவர் முழுவதையும் ஒரே சில்லில் அடக்குவது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ரேடியோ வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். சற்று நின்று பார்க்கலாம்.

அதுவரை ரிசீவர் என்றால் சூப்பர்ஹெட்டரோடைன். வரும் அலையை ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு இறக்கி, அங்கே ஒரு ஃபில்டரை வைத்துப் பக்கத்துச் சேனல்களைத் தடுப்பார்கள். தடுப்பது செராமிக் துண்டு அல்லது கிரிஸ்டல். அதைச் சிலிக்கானுக்குள் செதுக்க வழியில்லை. வான்ஸ் இடைநிலையையே நீக்கினார். வந்த அலையை நேராகச் சுழியத்துக்கு இறக்கி, 90 பாகை விலகிய இரண்டு கிளைகளாகப் பிரித்தால், ஃபில்டர் செய்யவேண்டியது சில கிலோஹெர்ட்ஸ் வரை விட்டு மேலே உள்ளதை வெட்டும் எளிய வேலைதான். அதைச் சில்லிலேயே வரையலாம்.

சுழியத்துக்கு இறக்கும் ரிசீவருக்குத் தீராத நோய் ஒன்று உண்டு: சுற்றின் சொந்த நேர்மின்னழுத்தப் பிழை சரியாக அந்தச் சுழியத்தில்தான் வந்து உட்காரும். பேஜர் சிக்னல் இதற்கு மருந்தாக அமைந்தது. போக்ஸாக் என்ற பேஜர் முறையில் பிட் 0 என்றால் மைய அதிர்வெண்ணிலிருந்து ஒரு பக்கம் 4.5 கிலோஹெர்ட்ஸ், 1 என்றால் மறுபக்கம் 4.5. வேகமோ நொடிக்கு 512 பிட். நடுவில் ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. நடுவை வெட்டி எறிந்தாலும் செய்தி பிழைத்தது.

2001 செப்டம்பர் 11, நியூயார்க்

கைபேசி அழைப்புகள் நெரிசலில் திணறிய அந்தக் காலையில், பிளாக்பெரியின் சின்னஞ்சிறு மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. அவை ஏறிச் சென்றது 1986-ல் ஸ்வீடன் தொடங்கிய மோபிடெக்ஸ் என்ற வலை. 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் நொடிக்கு 8000 பிட், பொட்டலம் பொட்டலமாக. வேகத்தில் நத்தை. ஆனால் ஒரு வரிச் செய்திக்கு அது போதும். வரி போய்ச் சேர்ந்ததும் சேனல் அடுத்தவருக்குக் காலி.

2005 டிசம்பர், ஐரோப்பா

ஒரே மாதத்தில் இரண்டு செய்திகள். நார்வேயின் ஆஸ்லோவில் 1996-ல் தொடங்கிய, ரேடியோச் சில்லு செய்யும் சிப்கான் நிறுவனத்தை ஏறக்குறைய 20 கோடி டாலருக்கு வாங்குவதாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அறிவித்தது. இன்னொன்று யாரும் கவனிக்காத அரசாணை: 169 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஐரோப்பிய ஆணையம் புதிய பணிகளுக்குத் திறந்துவிட்டது.

அந்தப் பட்டை ஒரு தோல்வியின் மிச்சம். எர்மெஸ் என்ற அனைத்து ஐரோப்பிய பேஜர் திட்டத்துக்காக 1990-ல் ஒதுக்கப்பட்டது. பேஜரைக் கைபேசி விழுங்கியதும் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே எரிவாயு மீட்டர்கள் குடியேறின. இத்தாலியும் பிரான்சும் இந்தப் பட்டையைத்தான் எடுத்துக்கொண்டன. பிரான்சில் காஸ்பார் என்ற மீட்டர் ஏறக்குறைய 1.1 கோடி வீடுகளுக்குத் திட்டமிடப்பட்டது. நிலவறையில், இரும்புக் கதவுக்குப் பின்னால், பேட்டரியை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் கருவி அது. இந்த இடத்தில் வைஃபை எதற்கும் உதவாது. தாழ்ந்த அதிர்வெண், ஒடுங்கிய சேனல், நாளுக்கு ஓரிரு தடவை வாய் திறக்கும் சில்லு: இவைதான் வேண்டும்.

தேதியில்லாத ஒரு பக்கம்: கணக்கு

ஒடுங்கிய சேனல் ஏன் தூரம் போகிறது? அறை வெப்பநிலையில் இயற்கையின் இரைச்சல் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ரிசீவரின் வாசலை எவ்வளவு அகலத் திறக்கிறோமோ அவ்வளவு இரைச்சல் உள்ளே வரும். 200 கிலோஹெர்ட்ஸ் திறந்தால் மைனஸ் 121, 12.5 கிலோஹெர்ட்ஸ் என்றால் மைனஸ் 133. வித்தியாசம் 12 டெசிபல், அதாவது 16 மடங்கு. திறந்தவெளியில் அதே ஆற்றலுக்கு 4 மடங்கு தூரம். அனுப்பும் பக்கம் ஒரு மில்லிவாட்கூடக் கூட்ட வேண்டாம்.

இலவசமாக எதுவும் கிடைக்காது. மலிவான கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை செய்யும். 868 மெகாஹெர்ட்ஸில் அது 17 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். ஆக, 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் பேசப்போன சில்லு பக்கத்துச் சேனலில் போய் நிற்கும். அதனால்தான் ஒடுங்கிய சேனலில் பேசும் குறும்பட்டைக் கருவிகளில் வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் டிசிஎக்ஸ்ஓ என்ற ஆஸிலேட்டரைப் போடுகிறார்கள். பிழை ஒரு பங்குக்கு இறங்கினால் விலகல் 868 ஹெர்ட்ஸ்தான்.

சிப்கான் வழிவந்த, பெயர்பெற்ற சிசி1101 சில்லின் டேட்டாஷீட்டைப் புரட்டினால் இன்னொன்று தெரியும். அதன் ஃபில்டர் 58 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஒடுங்காது. நல்ல சில்லு, மலிவு. ஆனால் அதைக் குறும்பட்டைச் சில்லு என்று விற்பது வியாபாரப் பேச்சு. அந்தக் குடும்பத்திலேயே உண்மையான குறும்பட்டைக்காரர்கள் முந்தைய சிசி1020-யும் பிந்தைய சிசி1120-யும். பிந்தையது 12.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை 60 டெசிபலுக்கு மேல் தடுக்கிறது. மதிப்பு இருப்பது அந்தத் தடுப்பில்தான். வேகமாகப் பேசும் சில்லுகள் கடையில் குவிந்து கிடக்கின்றன. வேண்டாததைக் கேட்காமல் இருக்கத் தெரிந்தவை குறைவு.

2012

கிரெனோபிளின் சைக்ளியோ நிறுவனத்தை வெறும் 50 லட்சம் டாலருக்கு செம்டெக் வாங்கியது. அதோடு வந்தது லோரா என்ற ரேடியோ முறை. இதன் வழி நேர்எதிர்: ஒடுக்குவதற்குப் பதில் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரித்து, அதிர்வெண்ணைச் சறுக்கிச் சறுக்கி எழுதுகிறது. கிரிஸ்டல் கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். பிரான்சின் சிக்ஃபாக்ஸ் நிறுவனமோ எதிர்ப்பக்கம் ஓடியது: சேனல் வெறும் 100 ஹெர்ட்ஸ், ஒரு செய்தியில் 12 பைட், நாளுக்கு 140 செய்தி. கருவியின் கிரிஸ்டல் எங்கே தள்ளுகிறதோ அங்கேயே பேசட்டும், முழுப் பட்டையையும் கேட்டுத் தேடிப்பிடிப்பது கோபுரத்தின் பாடு என்று சுமையை இடம் மாற்றியது. பொறியியலில் மிக அழகான தந்திரம். வணிகத்தில் அது காப்பாற்றவில்லை. 2022 ஜனவரியில் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது, சில மாதங்களில் சிங்கப்பூரின் உனாபிஸ் அதை வாங்கியது.

2013 நவம்பர் 21, யாஸ்னி, ரஷ்யா

நீப்பர் ராக்கெட்டில் ஐந்து சென்டிமீட்டர் சதுர அடியும் ஏழரை சென்டிமீட்டர் உயரமும் கொண்ட செயற்கைக்கோள் ஒன்று போனது. பெயர் ஐம்பது டாலர் சாட். மோர்ஹெட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாப் ட்விக்ஸும் சில அமெச்சூர் ரேடியோக்காரர்களும் செய்தது. அதன் ரேடியோ விண்வெளிக்கென்று செய்த சரக்கல்ல. ஆர்எஃப்எம்22பி என்ற, எவரும் வாங்கக்கூடிய மாட்யூல். உள்ளே சிலிக்கான் லேப்ஸின் எஸ்ஐ4432 சில்லு. ஆற்றல் 100 மில்லிவாட்.

437.505 மெகாஹெர்ட்ஸில் அது பேசியது. நொடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் அதிர்வெண் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் ஏறும். கடந்துபோகும்போது அதே அளவு இறங்கும். கேட்பவர் தன் ரிசீவரைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கதிர்வீச்சில் கருகிவிடும் என்று சந்தேகப்பட்ட அந்தக் கடைச்சரக்கு ஏறக்குறைய 20 மாதம் உழைத்தது.

2023 பிப்ரவரி 10, ஸ்ரீஹரிகோட்டா

எஸ்எஸ்எல்வி-டி2 ராக்கெட் ஆசாதிசாட்-2-ஐச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைக்க, நாடெங்கும் சுமார் 750 மாணவிகள் கைவைத்த 8.7 கிலோ செயற்கைக்கோள். அதன் பணிகளில் ஒன்று லோரா வழி அமெச்சூர் ரேடியோ. முந்தைய ஆசாதிசாட், 2022 ஆகஸ்டில் ராக்கெட் தவறான பாதையில் விட்டதால் வீணாகியிருந்தது.

கடைசிப் பக்கம், சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களுக்கு

எச்சி-12 என்ற மாட்யூலில் இருப்பது எஸ்ஐ4463 என்ற அருமையான குறும்பட்டைச் சில்லு. ஆனால் மாட்யூல் செய்தவர்கள் சேனல்களை 400 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வைத்துவிட்டார்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் அது 433.4 மெகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட் கக்கும். நம் நாட்டில் 433–434 மெகாஹெர்ட்ஸுக்கு 2012-ல் வந்த விதி உரிமமின்றி அனுமதித்தது 10 மில்லிவாட்தான், அதுவும் கட்டடத்துக்குள். எனவே மாட்யூலை வாங்கி வந்ததும் முதல் வேலையாக ஏடி+பி4 என்று கட்டளை கொடுங்கள். ஆற்றல் சுமார் 6 மில்லிவாட்டுக்கு இறங்கிவிடும்.