சென்னை ஓபன்: பெயர் மாறி, ஊரும் மாறிய கதை

சென்னை ஓபன் டென்னிஸ் சென்னையில் பிறந்ததே இல்லை. 1996-ல் டெல்லியில் தொடங்கி, மறு வருஷம் நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. ஸ்பான்சர் பெயர்தான் போட்டிக்கும் பெயர். முதலில் கோல்டு ஃப்ளேக் ஓபன் (ஆமாம், சிகரெட்டேதான்!), அப்புறம் டாடா ஓபன். 2005-ல்தான் ஊர்ப் பெயர் கிடைத்தது.

அந்த 2005 போட்டி தொடங்கியபோது சுனாமி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காசிமேட்டில் படகுகள் உடைந்து கிடந்தன. அந்த நிலையில், நுங்கம்பாக்கத்தில் பட்டம் வென்ற ஸ்பெயினின் கார்லோஸ் மோயா தன் பரிசுப் பணத்தை சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். வடசென்னைக்காரர்கள் டென்னிஸ் பார்க்காவிட்டாலும் இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

2008 அரையிறுதியில் இதே மோயாவோடு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தார் நடால். மறுநாள் காலே நகரவில்லை போல. இறுதியில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். வாவ்ரிங்கா மட்டும் நாலு தடவை கோப்பையைத் தூக்கினார்.

இவ்வளவு நடந்தும் போட்டி ஊருக்குச் சொந்தமில்லை. காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஸ்டேடியம் நம்முடையது, லைசென்ஸ் ஐஎம்ஜி கம்பெனியுடையது. ஒப்பந்தம் முடிந்ததும் 2018-ல் புனேவுக்குப் போய்விட்டது. 2023-க்குப் பிறகு அங்கேயும் நடக்கவில்லை.

நுங்கம்பாக்கத்தில் 2022-லும் 2025-லும் சென்னை ஓபன் என்ற பெயரில் நடந்தவை மகளிர் போட்டிகள்.