அசல் என்னும் சொல்லின் விலை

வரி விளம்பரங்களை ஒப்புநோக்கும் மேசையிலிருந்து பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்தவன் நான். ஆகையால் எந்த விளம்பரத்தையும் இரண்டு முறை படிக்காமல் விட என்னால் இயலுவதில்லை. 'ஒருவர் மட்டுமே பாவித்தது', 'நல்ல நிலையில் உள்ளது' என்பன போன்ற சொற்றொடர்களுக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கும் என்பதை அந்த மேசைதான் கற்றுத்தந்தது. அண்மைக்காலமாக நான் விரும்பிப் படிப்பவை, அமெரிக்காவின் பழைய இசைக்கருவி வணிகர்கள் வெளியிடும் விற்பனைப் பட்டியல்கள். எனக்குக் கிற்றாரும் வாசிக்கத் தெரியாது, மாண்டலினும் வாசிக்கத் தெரியாது. அவற்றை வாங்கும் வசதியோ அறவே இல்லை. ஆனால் 'அசல்' என்ற ஒற்றைச் சொல்லுக்காக இத்தனை ஆயிரம் டொலர்கள் ஏறி இறங்குவதை வேறெந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை.

மாண்டலின் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் உ. ஸ்ரீநிவாஸ். 2014இல், 45 வயதிலேயே மறைந்துபோன அந்த மேதையின் கையிலிருந்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின்கருவி. இப்பட்டியல்களில் வருபவை வேறு வகையின. இத்தாலிய மரபு மாண்டலினின் முதுகு குடம்போல் உருண்டிருக்கும். மெல்லிய மரக்கீற்றுகளை வளைத்து ஒட்டிச் செய்வார்கள். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் வாழ்ந்த ஓர்வில் கிப்சன் இந்த முறையைக் கைவிட்டார். வயலின் செய்வோரைப் போல, தடித்த பலகையைக் குடைந்து செதுக்கி, முகப்பும் முதுகும் மெல்லக் குவிந்திருக்கும்படி மாண்டலினையும் கிற்றாரையும் உருவாக்கினார். 1898இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1902இல் அவர் பெயரிலேயே நிறுவனம் ஒன்று தோன்றியது.

அந்நிறுவனத்தில் 1919இல் சேர்ந்த லொயிட் லோர் என்பவர்தான் இன்றைய விலைகளுக்கெல்லாம் மூலகாரணர். வயலினில் உள்ளதைப் போன்ற 'எஃப்' வடிவத் துளைகளை முகப்பில் அமைத்து, 1922இல் எஃப்-5 மாண்டலினும் எல்-5 கிற்றாரும் அவருடைய மேற்பார்வையில் வெளிவந்தன. தேர்ந்தெடுத்த கருவிகளின் உள்ளே, திகதியிட்டுத் தாமே கையொப்பமிட்ட சீட்டொன்றை அவர் ஒட்டச் செய்தார். துளைவழியே எட்டிப்பார்த்தால் அது தெரியும். காலம்தான் அவருக்குத் துணை நிற்கவில்லை. மாண்டலின் மோகம் தணிந்து, பான்ஜோவின் ஆட்சி தொடங்கியிருந்தது. மாண்டலின்கள் எதிர்பார்த்தபடி விற்பனையாகவில்லை. 1924இன் இறுதியில் லோர் வெளியேறினார். அன்று வாங்க ஆளில்லாத சரக்குக்கு இன்று பெருஞ்செல்வர்கள் போட்டியிடுகின்றனர்.

இனி அந்த 'அசல்' விவகாரத்துக்கு வருவோம். மெருகு, முறுக்காணிகள், பாலம், பெட்டி ஆகிய எல்லாமே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே இருக்க வேண்டும் என்பது வணிகர் விதி. மெருகை அகற்றிப் புதிதாகப் பூசிவிட்டால், பெறுமதி ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பார்கள். ஆனால் வாசித்தவரின் முழங்கை பட்டுத் தேய்ந்த இடத்தை மன்னிப்பார்கள். அத்தேய்வை மறைக்கப் பூசிய புதுப்பூச்சைத்தான் மன்னிப்பதில்லை. விதியின் இந்தப் பகுதி எனக்கு உடன்பாடானது. உழைத்த தழும்பு குறையாகாது, அதை மூடிமறைப்பதே குறை. எனக்கு ஒவ்வாதது, ஒரு விரலும் படாமல் பெட்டகத்தில் பூட்டிவைக்கப்பட்டிருந்த கருவிக்குத்தான் உச்சவிலை என்ற மறுபகுதி.

அசலைப் போற்றுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நியூயோர்க்கின் கென்மெயர் வீதியில் 1932 முதல் சிறிய பட்டறையொன்றை நடத்தியவர் ஜோன் டிஏஞ்சலிக்கோ. 1964இல் அவர் மறையும் வரை அங்கு உருவான குவிமுகப்புக் கிற்றார்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் பேரேட்டில் பதிந்துவைத்ததால், பல கருவிகளின் பிறப்பை இன்றும் தேடியறியலாம். இக்கிற்றார்களில், முகப்பைக் கீறாமல் காப்பதற்கெனப் பொருத்தப்பட்ட தகடு செலுலோயிட்டால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தானாகவே சிதைகிறது. அதிலிருந்து கசியும் ஆவி, பொன்முலாம் பூசிய உலோகப் பாகங்களை அரித்துப் பச்சைபிடிக்கச் செய்கிறது. அசலை அப்படியே விட்டால் கருவி கெடும். அகற்றினால் விளம்பரத்தில் ஒரு சொல் குறையும். நேர்மையான வணிகர் தகட்டை அகற்றிவிட்டு, அதைத் தனியே பொதிந்து கூடவே கொடுத்துவிடுகிறார்.

இந்த விதிகள் அனைத்தையும் பொய்யாக்கிய கருவி ஒன்று இருக்கிறது. புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மொன்றோ, 1940களில் புளோரிடாவில் ஒரு சலூனின் கண்ணாடிக்குப் பின்னே எஃப்-5 ஒன்றைக் கண்டு 150 டொலருக்கு வாங்கினார். 1923 ஜூலை 9 எனத் திகதியிட்டு லோர் கையொப்பமிட்டது அது. பின்னாளில் பழுதுபார்க்கக் கொடுத்தபோது கிப்சன் நிறுவனத்துடன் மனக்கசப்பு ஏற்பட, தலைப்பகுதியில் பதித்திருந்த அதன் பெயரைப் பேனாக்கத்தியால் சுரண்டியெறிந்தார். அந்தத் தழும்போடுதான் பல ஆண்டுகள் மேடையேறினார். 1980இல்தான் பிணக்குத் தீர்ந்தது. 1985இல் வீடு புகுந்த எவரோ, கணப்படுப்பைக் கிளறும் இரும்புக்கோலால் அக்கருவியை அடித்து நொறுக்கினர். சிம்புகளை ஒன்றுவிடாமல் பொறுக்கியெடுத்து அவர் கிப்சனுக்கே அனுப்பினார். சார்லி டெரிங்டன் என்ற கைவினைஞர் உருப்பெருக்கியின் துணையுடன் துண்டு துண்டாகப் பொருத்தி, சில மாதங்களில் அதை மீண்டும் பேசவைத்தார்.

வரி விளம்பர மொழியில் அதை எப்படி எழுதுவது? பெயர் சுரண்டப்பட்டது, முகப்பு உடைந்தது, எங்கும் ஒட்டுவேலை. விதிப்படி அடிமாட்டு விலைதான் மதிக்க வேண்டும். ஆனால் மொன்றோவின் மறைவுக்குப் பின் அது பத்து இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட விலைக்குப் பேசப்பட்டு, இறுதியில் நாஷ்வில்லில் உள்ள நாட்டுப்புற இசைக் கீர்த்தி மண்டபத்தைச் சென்றடைந்தது. அதற்கு முன்பு, ஒட்டிய அந்த மரத்தோடேயே மொன்றோ இன்னும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மேடைகளில் வாசித்தார். 1996இல் அவர் இறந்தார்.