தோட்டம் கட்டிய வீடு

வீட்டைக் கட்டி முடித்த பின்னர், மதிலோரம் எஞ்சிய மண்ணில் நாலைந்து குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்து, அதற்குத் தோட்டமென்று நாமகரணம் செய்கிற நம்மவர் வழக்கத்தைக் காணும்போதெல்லாம், எனக்கு இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் ஸ்மரணை வருகிறது. சட்டம் பயின்று வழக்கறிஞராயிருந்த அவர், 1948இல் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் பழைய ரப்பர் தோட்டமொன்றை வாங்கி, லுனுகங்கா என்று பெயரிட்டு, அதைத் திருத்தியமைக்கும் ஆசையில் ஈடுபட்ட பின்னரே லண்டனில் கட்டடக் கலை கற்று, 1957இல் தேர்ச்சி பெற்றார். ஆகவே தோட்டமே அவரைக் கலைஞராக்கிற்று என்று சொல்வது அதிசயோக்தியன்று.

வீட்டு வாயிலிலிருந்து நோக்குபவனுடைய திருஷ்டி தடையின்றி ஏரிநீர் வரை செல்லவேண்டுமென்பதற்காக, எதிரே நின்ற குன்றின் சிரசையே தாழ்த்தியும், ஈழத்தலரிக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு அவற்றை விரும்பிய வண்ணம் வளைத்தும், அரை நூற்றாண்டு காலம் அவர் அங்கே உழைத்தார். மரத்துக்குப் பாரம் கட்டுகிற பொறுமை இன்று யாருக்கு இருக்கிறது!

கொழும்பில், 1960களின் தொடக்கத்தில், ஏனா த சில்வா என்பவருக்காக பாவா கட்டிய வீட்டிலோ, மரம் நிற்கும் முற்றம் நடுவே அமைய, அறைகள் அதனைச் சூழ்ந்து நின்றன. செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவருக்கு இதன் சௌகரியத்தை விளக்க வேண்டியதில்லை.

வீடு கட்டப் போகும் அன்பர்களே, வரைபடம் போடுமுன், மனையில் ஏற்கெனவே நிற்கும் மரங்களை அதில் முதலில் குறிக்கச் சொல்லுங்கள்.