பீப்பாய் பார்க்காத ரம்மும் அப்பாவின் சட்டையும்

போன தீபாவளிக்கு போடிக்குப் போயிருந்தப்போ பையில ஒரு பாட்டில் இருந்துச்சு. ஜப்பான்ல வேலை பார்க்கிற சிநேகிதன் கொடுத்தது. தண்ணி மாதிரி நிறம். 'நைன் லீவ்ஸ் கிளியர்'னு பேர். ரம்முங்க! நமக்கு ரம்முன்னா ஓல்டு மாங்க் கலர்தானே? நானும் முழிச்சேன்.

விஷயம் இதுதான். மரப் பீப்பாயில வருசக்கணக்கா ஊறினா ரம்முக்குப் பழுப்பு வரும். இது பீப்பாய் பக்கமே போகாதது. ஷிகாங்கிற இடத்துல யோஷிஹாரு டகேயுச்சின்னு ஒருத்தர், 2013 வாக்கில் கொண்டு வந்தது. சரக்குக்கு மூலம் ஒக்கினாவாவின் கருப்புச் சர்க்கரை. கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கினது, அதாவது நம்ம வெல்லம். ஆல்கஹால் 50 சதவீதம்.

எங்க வீட்டு மொட்டைமாடியில நின்னா போடிமெட்டு மலை தெரியும். அங்க உட்கார்ந்து டம்ளர்ல கொஞ்சமா ஊத்தி மோந்து பார்த்தேன். அவ்வளவுதான், எட்டு வயசுப் பையனாயிட்டேன்.

அப்பா ஜீப் டிரைவர். விடியறதுக்கு முன்னாடி ஆளுங்களை ஏத்திக்கிட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துல இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பி வர்றப்போ சட்டையில ரெண்டு வாசம். ஒண்ணு ஏலக்காய். இன்னொண்ணு சாராயம். முதல் வாசம் மட்டும் வந்தா அன்னிக்கு ராத்திரி கதை சொல்லுவார். ரெண்டும் வந்தா சோத்துத் தட்டு பறக்கும். வாசல்ல ஜீப் சத்தம் கேட்டதும் நான் மூக்கைத்தான் தீட்டிக்கிட்டு நிப்பேன்.

அதை எப்படிக் காய்ச்சுறாங்கன்னு கதை சொல்ற ராத்திரி ஒண்ணுல அவரே சொல்லியிருக்கார். மலைச்சரிவுல ஓடை பார்த்து எடம் பிடிப்பாங்களாம், ஆவியைக் குளிர வைக்கத் தண்ணி வேணுமே. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல். பிறகு அடுப்பு. பீப்பாய்க்கு எங்க போறது? இறக்கின சூடு ஆறுமுன்னே காலி. யோசிச்சுப் பார்த்தா அதுவும் ஊற வைக்காத ரம்தான்!

ஜப்பான்காரர் வடிச்சதுல முதலையும் கடைசியையும் ஒதுக்கிட்டு நடுவுல வர்றதைத்தான் எடுக்கிறார். நம்ம ஓடைக்கரையில எதை ஒதுக்கினாங்க, எதைக் கலந்தாங்கன்னு குடிக்கிறவனுக்குத் தெரியாது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்களே, வெல்லம் கொல்லலைங்க, மெத்தனால் கொன்னுச்சு.

ஒரு வாய் வச்சேன். முதல்ல வெல்லப்பாகு, பின்னாடி பச்சைக் கரும்பு, அப்புறம் தொண்டையில நெருப்பு. நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. இந்த ருசிக்காகவா அந்த மனுசன் நாப்பத்தஞ்சு வயசுல ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்?

காயப்போட்ட துணி எடுக்க அம்மா மேல வந்தாங்க. சட்டுன்னு நின்னாங்க.

"என்னடா தம்பி இது, உங்கப்பா வந்த மாதிரி இருக்கு?"

டம்ளரைக் காட்டினேன். திட்டு விழும்னு பார்த்தேன்.

"மூடி வை. இந்த வாசம் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தஞ்சு வருசமாச்சு."

சொல்லிட்டுக் கீழ போகலை. துணியைக் கையில வச்சுக்கிட்டு மலையைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. நானும் மூடலை.

டிஸ்கி: குடிக்கச் சொல்லி எழுதலை. பாட்டில் அப்படியே முக்கால்வாசி இருக்கு. எனக்கு அந்த ஒரு வாய் போதும்.