கடைமடைக்காரன் கண்ட பனி ஏரி

காவிரியின் கடைமடையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்பது தொலைவிலிருந்து வந்து சேரும் விருந்தாளி. மேட்டூரில் அணை திறந்தார்கள் என்ற செய்தி வரும். பல நாள் காத்திருப்போம். ஒரு காலையில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் புதுநீர் வரும். நீர் பிறக்கும் இடம் எப்படியிருக்கும் என்ற ஆவல் எனக்குச் சிறுவயது முதலே உண்டு. குடகைக் காணுமுன் காஷ்மீரைக் காணும் வாய்ப்புக் கிட்டியது.

அப்போது ஐப்பசித் தொடக்கம். இங்கே சம்பாப் பயிர் அடைமழையை எதிர்நோக்கி நிற்கும் காலம். அங்கோ அறுவடை முடிந்து, ஸ்ரீநகரிலிருந்து தங்மர்க் செல்லும் வழியெங்கும் வைக்கோற்போர்கள் நின்றன. சோறுண்ணும் மக்களிடந்தான் வந்திருக்கிறோம் என்று மனம் ஒட்டிக்கொண்டது.

குல்மர்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. 'மலர்வெளி' என்னும் பொருளில் அதற்கு அப்பெயரைச் சூட்டியவர், 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் யூசுப் ஷா சக் என்பர். அங்கிருந்து கிலன்மர்க் வழியாக அபர்வத் முகட்டை ஒட்டிய அல்பதர் ஏரிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். 2005 முதல் அபர்வத்துக்கு ரோப் கார் உண்டு. பலத்த காற்றினால் அன்று அது ஓடவில்லை. நானும் என் தங்கை மகனும் வழிகாட்டி ஒருவரும் சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். முதற்பாதி குதிரையில், பிறகு நடை.

தேவதாரு மரங்களிலிருந்து மழைநீர் சொட்டியது. கிலன்மர்க்கைத் தாண்டியதும் மரங்கள் மறைந்தன, மழை பனியாயிற்று. காலணிக்குள் நீர் புகுந்து விரல்கள் மரத்தன. வழிகாட்டி தம் நீண்ட அங்கிக்குள் வைத்திருந்த காங்கிடி என்னும் தணற்சட்டியை எடுத்து, ஒன்றும் பேசாமல் என் கையில் தந்தார்.

முகட்டை அடைந்தபோது கீழே ஏரி தெரிந்தது. கரும்பலகை போன்ற நீர். ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி. இறங்கி, அந்நீரில் ஒளுச் செய்து லுஹர் தொழ ஆசைப்பட்டேன். வழிகாட்டி மேகத்தைப் பார்த்தார். "இறங்கலாம், சாகிப். ஏற முடியாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை தூரம் வந்தவனை இன்னும் சில நூறு அடிகளுக்காகத் தடுப்பதா?

அப்போது அத்தாவின் நினைவு வந்தது. 1977 நவம்பர் 11ஆம் நாள் இரவு. மறுநாள் விடியுமுன் நாகப்பட்டினத்தையொட்டிக் கரை கடந்த பெரும்புயலின் முன்னிரவு. வயலில் வடிகாலை வெட்டிவிட அத்தா அரிக்கேன் விளக்கோடு கிளம்பினார்கள். பாதிவழியில் எங்கள் பண்ணையாள், "கரை நெகிழுதுங்க ராவுத்தரய்யா, போக வேண்டாம்" என்றார். நிலம் அத்தாவுடையது, அந்தக் கரையை அறிந்தவரோ அவர். அத்தா மறுபேச்சின்றித் திரும்பினார்கள். விடிந்தபோது அந்தக் கரை இருந்த இடம் தெரியவில்லை.

காங்கிடியை வழிகாட்டியிடம் திருப்பிக் கொடுத்தேன். "நடங்கள், போவோம்" என்றேன். இறங்கும்போது, சற்றுமுன் நாங்கள் பதித்து வந்த காலடிகளைப் பனி மூடியிருந்தது. தங்கை மகன் இருமுறை வழுக்கி விழுந்தான். இருவரும் முழு உடலோடு விடுதி சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

அல்பதரின் நீர் நிங்லி ஓடையாக இறங்கி, சோப்பூர் அருகே ஜீலம் ஆற்றில் கலக்கிறது. மறுநாள் அவ்வோடைக் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தேன். பிறக்குமிடத்தில் தொட முடியாத நீர், கடைமடைக்காரனுக்குப் பழகிய முறையிலேயே, தானாக வந்து என் கையை நனைத்தது.