ஈஸ்ட்ஹாம் முதல் வெஸ்ட்மின்ஸ்டர் வரை... தனியாக!

அம்பத்தூரில் இருந்தவரை அந்த அம்மா சென்ட்ரலுக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. எங்கே போனாலும் கணவர் கூட வருவார். அவர் மறைந்த பிறகு ரயில் நிலையம் பக்கமே போகவில்லை.

லண்டனில் வேலை பார்க்கும் மகன், மூன்று மாதம் தங்க அழைத்துப்போனார். வீடு ஈஸ்ட்ஹாமில். கடைத்தெருவில் தமிழ் கேட்கும், தோசை கிடைக்கும். ஆனால், மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுக்க ஜன்னல்தான் துணை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் ஆய்ஸ்டர் கார்டைக் கையில் கொடுத்தார். “பஸ்ல காசு வாங்க மாட்டாங்கம்மா. ஏறும்போது இதை ஒரு தடவை வெச்சா போதும். ட்ரெயின்னா உள்ளே போறப்பவும் வைக்கணும், வெளியே வர்றப்பவும் வைக்கணும். மறந்தா கூடுதலா பிடிச்சுடுவாங்க. எஸ்கலேட்டர்ல வலது பக்கமா நில்லு.”

புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். டிஸ்ட்ரிக்ட் லைனில் எங்கும் மாறாமல் நேரே வெஸ்ட்மின்ஸ்டர். வெளியே வந்து நிமிர்ந்தால் பிக் பென்! அங்கிருந்து நடந்தே ட்ரஃபால்கர் சதுக்கம். நேஷனல் கேலரியில் அனுமதி இலவசம். கால் வலிக்கும்வரை ஓவியங்களைப் பார்த்தார்.

இரவு விஷயம் தெரிந்து மகன் பதறினார். “பயமா இல்லையாம்மா?”

“உலகத்தோட முதல் சுரங்க ரயில் இந்த ஊர்ல 1863-ல ஓடுச்சுன்னு நீதானே சொன்னே? ராயபுரத்துலருந்து நம்ம அம்பத்தூர் வழியா 1856-லயே ரயில் ஓடியிருக்குடா. உங்கப்பா சொல்லிட்டே இருப்பார்.” சிரிக்கத்தான் நினைத்தார், கண் கலங்கிவிட்டது.

ஊர் திரும்பிய வாரமே சென்ட்ரலுக்கு சீசன் டிக்கெட் எடுத்துவிட்டார். ஒருவருக்கு மட்டும்.